வெள்ளகோவில் நீர்யானைக்கு இரண்டு பேனர்

புதைபடிவ வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் கிடக்கும் மிருகம் உங்களுக்கு ஒரு தொந்தரவும் தராது. செத்து எத்தனையோ காலமாகிவிட்டது, பாவம், அதற்கென்று சொந்தக் கருத்து எதுவும் கிடையாது. தொந்தரவு அதை வெளியே எடுத்த மறுநாள் தொடங்கும். அதன் சார்பில் பேசுவதற்கு ஆட்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். வரிசையில் முதல் ஆள் பெரும்பாலும் உங்களுக்குச் சம்பளம் தருகிறவராக இருப்பார்.

கோயமுத்தூரில் ஒரு தனியார் கல்லூரியின் நிலவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் துறையில் சேர மாணவர்கள் முண்டியடித்ததில்லை. அதனால் தாளாளருக்கு எங்கள்மீது தனிக் கவனம். ஒவ்வொரு வருஷமும் துறையை மூடப்போவதாகச் சொல்வார். பிறகு தரச்சான்றுக் குழு வருகிறது என்றதும் எங்கள் அருங்காட்சியக அறையைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் யானைக் கடைவாய்ப்பல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

என் வேலை, பனிக்காலங்களுக்கு நடுவில் வந்த வெப்பக் காலங்களைப் பற்றியது. பனிக்காலம் என்றதும் காங்கேயம் ரோட்டில் பனி பெய்ததாக நினைத்துவிடாதீர்கள். துருவங்களில் பனி குவிந்த காலத்தில் நம் பக்கம் மழை குறைந்து மண் வறண்டது. இடையில் உலகம் சூடானபோது இங்கே பருவமழை வலுத்தது. இதையெல்லாம் எழுதிவைக்க அப்போது ஆள் இல்லை. மிருகங்கள்தான் இருந்தன. எந்த மண்ணடுக்கில் எந்த மிருகம் செத்துக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் அப்போது என்ன வானிலை என்று நாம் சொல்கிறோம். இவ்வளவுதான் தொழில். மீதியெல்லாம் வெயிலில் குனிந்து நிற்பது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, வெள்ளகோவிலுக்குக் கிழக்கே பொன்னுசாமி என்ற விவசாயி தன் தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டினார். பள்ளத்தை ஒட்டிய நிலம். மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடையைத்தான் அங்கே பள்ளம் என்பார்கள். பொக்லைன் வாயில் கூழாங்கல்லோடு வளைந்த பெரிய பல் ஒன்று வந்தது. படம் வாட்ஸப்பில் சுற்றி என்னிடம் வந்து சேர்வதற்குள் அது டைனோசர் ஆகியிருந்தது.

நானும் ரெஜினாவும் கிளம்பிப் போனோம். ரெஜினா எங்கள் துறையின் ஆராய்ச்சி உதவியாளர். போத்தனூர்க்காரி, அப்பா ரயில்வேயில் இருந்தவர். பேச்சு கம்மி, ஆனால் பேசினால் அடுத்தவர் பேச்சு நின்றுவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது.

"ஏனுங் மேடம், வராக அவதாரம்னு எங்க சம்பந்தி சொல்லிப்போட்டாருங்க," என்றார் பொன்னுசாமி.

"உங்க சம்பந்தி ஊகம் பக்கத்துல வந்துருச்சுங்க. இது நீர்யானைங்க."

"அதெல்லாம் ஆப்பிரிக்காவுல இல்லீங்களா இருக்கும்?"

"இப்ப அங்கதானுங்க. ஒருகாலத்துல நம்ம நாட்டு ஆறுகள்லயும் கெடந்துச்சுங்க."

பல்லின் நெடுக ஓடிய வரிப்பள்ளங்களைக் காட்டினேன். யானைத் தந்தத்தில் அப்படி இருக்காது. அவர் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு வறண்டு கிடந்த பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். "இதுலயா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளூர் நிருபர்கள் வந்து பல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா பல்லைக் கண்டுகொள்ளவில்லை. குட்டையின் சுவரில் பல் வந்த கூழாங்கல் அடுக்கிலிருந்தும், அதற்கு மேலே ஒரு ஆள் உயரத்துக்கு இருந்த செம்மண் அடுக்கிலிருந்தும் தனித்தனியாகச் சாக்கில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு நிருபர் அவளிடம், "அம்மணி, அந்த வெறும் மண்ணை எதுக்குங்க மூட்டை கட்டறீங்க?" என்றார். "வெறும் மண்ணுன்னு எல்லாரும் உட்டுட்டதனாலதானுங்க," என்றாள்.

அந்த வாரமே கல்லூரி வாசலில் பேனர் முளைத்தது. உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு மாமூத் யானை, கால் வரை பனி, பின்னால் சென்னிமலை மாதிரி ஒரு மலை, மேலே முருகன் கோயில் கோபுரம். பனிக்காலத்துக் கோபுரம்! ஓரத்தில் தாளாளர் கைகூப்பி நின்றார். 'கொங்கு மண்ணில் மாமூத்! எங்கள் கல்லூரியின் மகத்தான கண்டுபிடிப்பு!'

நான் போய்ச் சொன்னேன். இது நீர்யானை, பனிக்காலத்தது இல்லை, அதற்கு முந்தைய வெப்பக் காலத்தது போலத் தெரிகிறது, மணலின் வயதைக் கணிக்கும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பியிருக்கிறோம் என்று.

அவர் முகம் வாடிவிட்டது. "நீர்யானைன்னா பாக்க அவ்வளவு கம்பீரமா இருக்காதுங்களே மேடம்," என்றார். பேனர் மட்டும் காற்றில் கிழியும்வரை இறங்கவில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. நினைத்தது சரிதான். கூழாங்கல் அடுக்கு கடைசிப் பனிக்காலத்துக்கு முந்தைய வெப்பக் காலத்தைச் சேர்ந்தது. மேலே இருந்த செம்மண் பனிக்காலத்தைச் சேர்ந்தது. அதற்குள் ரெஜினா சாக்கு மண்ணை எல்லாம் சலித்துச் சின்னச் சின்னப் பற்களாகப் பொறுக்கி எடுத்திருந்தாள். இதை ஒரு கட்டுரையாக எழுதி நிம்மதியாக ஓய்வு பெறலாம் என்று இருந்தேன். அப்போதுதான் தாளாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"உக்காருங்க மேடம். காபி சாப்படறீங்களா?"

எங்கள் கல்லூரியில் தாளாளர் காபி சொன்னால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். பொன்னுசாமி தோட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு குளிர்பான ஆலை வரப்போகிறது. நிலத்தடி நீரை எடுத்துத்தான் பாட்டிலில் அடைப்பார்கள். தாளாளரின் மச்சினர் அதில் பங்குதாரர். அரசாங்கம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறது. அதில் வாசிக்க, துறைத்தலைவர் என்ற முறையில் என்னிடமிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள். பனிக்காலங்களுக்கு இடைப்பட்ட வெப்பக் காலத்தில் வெள்ளகோவில் பகுதியில் நீர்யானை வாழ்ந்தது. நீர்யானை வாழ வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டும். எனவே உலகம் வெப்பமாக இருந்த காலத்தில் இப்பகுதி நீர்வளம் மிக்கதாக இருந்தது.

"இதுல ஒரு பொய் இருந்தாச் சொல்லுங்க மேடம், இப்பவே அந்த வரிய அடிச்சுப்போடறேன்," என்றார்.

திரும்பத் திரும்பப் படித்தேன். பொய்யே இல்லை. கண்ணுகளா, பொய் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறவனிடம் நமக்குக் கஷ்டமே கிடையாது. எழுந்து வந்துவிடலாம். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லாமல் எழுதிக்கொண்டு வருகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் நான் வருஷக்கணக்காக வகுப்பில் சொன்னதுதான் இருந்தது. அது போய் விழப்போகிற இடம்தான் வேறு.

"யோசிச்சுச் சொல்றேனுங்க," என்றேன்.

"யோசிங்க. அந்தப் போத்தனூர்ப் பொண்ணு, அதும்பட பணி நீட்டிப்பும் இந்த மாசந்தானுங்களே வருது?" என்று காபியை ஆற்றிக்கொண்டே விசாரித்தார். குரலில் அத்தனை கனிவு. எங்கள் ஊரில் கழுத்தை நெரித்தாலும் 'ங்க' போட்டுத்தான் நெரிப்பார்கள்.

துறைக்கு வந்து ரெஜினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"என்னைய நெனச்சு நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா, மேடம், நானே அந்தக் கூட்டத்துல போயி எந்திரிச்சு நின்னு தப்புன்னு சொல்லுவேன். அப்பறம் ரெண்டு பேருக்கும் வேலை போயிரும்."

"எனக்கு எப்படியும் போவுது கண்ணு, ரிட்டையர்மென்ட்."

"அப்பொ எனக்கு மட்டும் போவட்டும்."

கையெழுத்துப் போடவில்லை. கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்கிறேன் என்று தாளாளருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பூங்கொத்து இமோஜி அனுப்பினார்.

இன்னொரு பக்கம் கதையையும் கேளுங்கள். ஆலை கூடாது என்று போராடிய இயற்கை ஆர்வலர்கள் என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார்கள். எல்லாம் கோயமுத்தூர்ப் பிள்ளைகள், துணிப்பை, எஃகு பாட்டில், நல்ல மனசு. அவர்களும் ஒரு பேனர் அடித்திருந்தார்கள். வெடித்த மண்ணில் ஒரு நீர்யானை மண்டையோடு, மேலே சிவப்பில் சூரியன். 'வெப்பம் கொன்ற நீர்யானை! அன்று அது, நாளை நாம்!'

"இது தப்புங்க. வெப்பத்துல அது நல்லாத்தான் இருந்துச்சு. பனிக்காலத்துல மழை குறைஞ்சப்பதான் அதுக்குக் கஷ்டம் வந்துச்சு," என்றேன்.

தலைவி போலிருந்த பெண் துணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பிறகு, "மேடம், நம்ம நோக்கம் நல்ல நோக்கந்தானுங்களே?" என்றாள்.

தாளாளராவது பொய் இருந்தால் அந்த வரியை அடித்துவிடுவதாகச் சொன்னார்.

கருத்துக்கேட்பு வெள்ளகோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தம் போல, மேடையில் மணமக்கள் பெயர் தெர்மாகோல் எழுத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அரசு அதிகாரி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் ஆலைக்காரர்கள், இடப்பக்கம் ஆர்வலர்கள், நடுவில் ஊர் ஜனம். பொன்னுசாமி வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் இருந்தார். அவர் தோட்டத்து மிருகத்தைப் பற்றித்தானே கூட்டம்!

ஆலையின் ஆலோசகர் முதலில் பேசினார். முப்பது வயது தாண்டாத பையன், அந்த வெயிலில் கழுத்துப்பட்டை. கெட்டிக்காரன்தான். திரையில் நீலத் தண்ணீர், பச்சைப் புல், நடுவில் குட்டியோடு சிரித்துக்கொண்டிருக்கிற நீர்யானை.

"ஒலகம் சூடாகுது, தண்ணி வத்திரும்னு பயமுறுத்தறாங்க. இந்த மண்ணு சூட்டைப் பாத்துப் பயந்த மண்ணு இல்லீங்க! இதைவிடச் சூடான காலத்துல இங்க நீர்யானை குளிச்சிருக்குதுங்க!"

ஊர் ஜனம் கை தட்டியது. பொன்னுசாமி எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார்.

அடுத்து என் முறை. அங்கேதான் நான் சிக்கினேன். வகுப்பு எடுத்துப் பழகிய வாய். பூமி சூரியனைச் சுற்றும் பாதை மாறுவது, சாய்வு மாறுவது என்று தொடங்கிவிட்டேன். மூன்றாவது வரிசையில் கல்யாணப் பேச்சு ஓட ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒருவர், "அம்மா, நீர்யானை இருந்துச்சா இல்லியா, அதைச் சொல்லுங்க!" என்று கத்தினார்.

"இருந்துச்சுங்க," என்றேன்.

வலப்பக்கம் கைதட்டல். இடப்பக்கம் என்னைத் துரோகியைப் போலப் பார்த்தார்கள்.

ரெஜினா எழுந்து என் பக்கத்தில் வந்தாள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை உயர்த்திக் காட்டினாள். முன்வரிசைக்குக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

"இது வெள்ளெலிப் பல்லுங்க. தண்ணி நிக்கற வயல்ல வெள்ளெலி வளை வெக்குங்களா?"

"எங்கீங்க வெக்கும்? அது வறக்காட்டுச் சீவனாச்சே," என்றார் பொன்னுசாமி.

"நீர்யானைப் பல்லு கெடந்த அடுக்குக்கு மேல, ஒரு ஆள் ஒசரத்துக்கு, முச்சூடும் இதுதானுங்க. அதே பள்ளம், அதே எடம். கொஞ்ச காலம் நீர்யானை, அப்பறம் நெம்ப காலம் வெள்ளெலி. ஆலைக்காரங்க கீழ் அடுக்கை மட்டும் படம் புடிச்சுப் போட்டிருக்கறாங்க."

இடப்பக்கம் உற்சாகம் பொங்கியது. ஆனால் ஆலோசகர் பையன் கையைத் தூக்கினான்.

"மேல் அடுக்கு பனிக்காலமுங்க, இல்லீங்களா? அப்பொ குளுரு வந்தாத்தான் வறட்சி, சூடு வந்தா மழைன்னு ஆகுது. நீங்க சொல்றது எனக்குத்தானுங்களே சாட்சி?"

நல்ல அடி. அவன் படித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ரெஜினா என்னைப் பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார். இடப்பக்கத்துத் துணிப்பைப் பெண் என்னைப் பார்த்து, மறுத்துச் சொல்லுங்கள் என்பது போலத் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி மண்டபம் எழுந்து நின்று கைதட்டியிருக்கும். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கையில் இருக்கிற எலும்பைக் கொஞ்சம் வளைத்தால் நல்லவர்கள் ஜெயித்துவிடுவார்கள் என்று தோன்றும். நெம்ப ருசியான நேரம் அது.

"தம்பி சொல்றது பாதி சரிங்க," என்றேன். இடப்பக்கம் பேனர் கொஞ்சம் சரிந்தது. "அன்னைக்கு இங்க கோடை வெயிலோட பலம் கூடுச்சு. அதனால பருவமழையும் கூடுச்சு, வருஷம் பூரா ஆத்துல தண்ணி ஓடுச்சு. இன்னைக்குச் சூடு புகையால வருது. அதே மழையை அதே மாதிரி கொண்டாருமான்னு இந்தப் பல்லைக் கேட்டாத் தெரியாதுங்க. வெப்பம் நீர்யானையைக் கொன்னுச்சுன்னு அந்தப் பக்கம் எழுதியிருக்கறதும் தப்பு. அதையும் கழட்டிருங்க."

"அப்பறம் எதுக்கும்மா வந்தீங்க?" பின்வரிசை ஆள்தான் மறுபடியும்.

"நீர்யானையக் கூட்டிட்டுப் போக வந்தேனுங்க," என்றேன். "அது மேலே ஓடுன தண்ணியில குளிச்சுது. இவங்க கேக்கறது பாறைக்கு அடியில இருக்கற தண்ணி. நீர்யானை போர் போடலைங்க!"

சிரிப்பு எழும்பி அடங்கியது. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பொன்னுசாமி எழுந்தார். இந்தத் தடவை கும்பிடவில்லை.

"என்ற தோட்டத்துல போர் போட்டுப் போட்டுப் பாத்து, கடைசீல தண்ணி வரலீங்க, கல்லுப் பொகைதானுங்க வந்துச்சு. அதனாலதானே குட்டை வெட்டுனதே," என்றார்.

அதன் பிறகு ஒவ்வொருவராக எழுந்து அவரவர் கிணறு, அவரவர் போர், எந்த மாசம் வற்றும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நீர்யானையைப் பற்றி யாரும் பேசவில்லை. அதிகாரி அம்மா ஆலோசகரைப் பார்த்து, "இந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் என்ன?" என்றார். பையன் படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான். நீர்யானை வந்தது, குட்டி வந்தது, கிணறு வரவில்லை.

கோடை முழுக்கக் கிணறுகளை அளந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அவர் கூட்டத்தை முடித்தார். அளந்தார்கள். ஆலை அங்கே வரவில்லை. நாங்கள் ஜெயித்தோம் என்று இரண்டு தரப்பிலும் யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை. ஆர்வலர்கள் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை. ரெஜினாவின் பணி நீட்டிப்பு, தாளாளர் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்தபடி, நிர்வாகக் காரணங்களால் இயலவில்லை. அவள் பற்களைத் துறையில் ஒப்படைத்துவிட்டு, வடக்கே ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்துப் போனாள். போத்தனூரில் ரயிலேற்றிவிடப் போனேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள், "மேடம், அங்கயும் எலி இருக்குமுங்க," என்றாள். எனக்கு நடந்த பிரிவு உபசார விழாவில் தாளாளர் சால்வை போர்த்தி, காது பக்கம் குனிந்து, "கையெழுத்துப் போட்டிருந்தீங்கன்னா உங்க பேருல ஒரு அரங்கமே கட்டியிருப்பேனுங்க," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுப் பக்கத்து பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் வந்து எதிரில் தயங்கித் தயங்கி நின்றான். கழுத்துப்பட்டை இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"மேடம், வெள்ளகோவில்ல... நாந்தானுங்க அந்த ஆலோசகர்."

"உக்காருங்க தம்பி. நீர்யானை நல்லாயிருக்குதுங்களா?"

அவன் சிரித்தான். அவனுக்கும் ஒரு டீ சொன்னேன். அந்த நிறுவனத்தில் இப்போது இல்லை என்றான். வேறு வேலை, போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படம் காட்டினான். பிறகு கைப்பேசியில் ஒரு வரைபடத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினான். ஊருக்கு வெளியே, நொய்யலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனை.

"ஊடு கட்டலாம்னு இருக்கறமுங்க. போர் போட்டாத் தண்ணி நிக்குமான்னு யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னு..."

எனக்கு அந்தத் திரையும் நீலத் தண்ணீரும் நினைவுக்கு வந்துவிட்டன. விட மனசு வரவில்லை.

"இதென்ன பெரிய விஷயம் தம்பி. ஒலகந்தான் சூடாகுதே. இன்னுங் கொஞ்ச நாள்ல உங்க வாசல்லயே நீர்யானை குளிக்குமுங்க."

அவன் சிரிக்கவில்லை. டீ டம்ளரை மேசைமேல் வைத்தான்.

"வெளையாடாதீங்க மேடம். இது என்ற ஊடு."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரைபடத்தைக் கையில் வாங்கினேன். பக்கத்துக் கிணறுகள் எங்கெங்கே இருக்கின்றன, எவ்வளவு ஆழம், கோடையில் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தான், எல்லாவற்றையும் நேரில் போய் அளந்திருந்தான். வெள்ளகோவில் மண்டபத்தில் அன்றைக்கு எழுந்து நின்ற அத்தனை பேரும் அவனிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இது என் வீடு என்று.